வீட்டில் இருக்கும் பழைய ரிவால்வர்: அது எந்த வெப்லி?

நம் ஊரில் யார் வீட்டிலாவது பழைய ரிவால்வர் ஒன்று இருந்தால் அதன் பெயர் கட்டாயம் 'வெப்லி ஸ்காட்' தான். அது நிஜமாகவே வெப்லியா, பெல்ஜியத்தில் செய்த நகலா, கான்பூரில் செய்ததா என்று யாரும் கேட்பதில்லை. கூடவே ஒரு கதையும் இருக்கும். "எங்க பூட்டனுக்கு வெள்ளைக்காரத் துரை கொடுத்தது", "முதல் உலகப் போர்ல சுட்டது", இன்னும் கொஞ்சம் தைரியமான வீடாக இருந்தால் "சிப்பாய்க் கலகத்துல எடுத்தது". கதை தலைமுறை தலைமுறையாக வரும். துப்பாக்கியை எடுத்து அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்தவர் மட்டும் அந்த வீட்டில் ஒருவரும் இருக்க மாட்டார்.

வெப்லி என்பது ஒரு துப்பாக்கி அல்ல. ஏறத்தாழ நூறு வருடம் ஓடிய ஒரு பெரிய குடும்பம். அந்தக் குடும்பத்தில் அண்ணன் யார், தம்பி யார், சித்தப்பா மகன் யார் என்று கண்ணால் பார்த்தே பிரித்துவிடலாம். பிரித்த பிறகு வீட்டுக் கதையில் பாதி நிற்கும், பாதி விழும். சில நேரம் விழுந்த இடத்தில் அதைவிட நல்ல கதை ஒன்று கிடைக்கும். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு எச்சரிக்கை. லைசென்ஸ் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் துப்பாக்கியைக் கையில் எடுக்க வேண்டும். தோட்டா இல்லை என்று அவரே பார்த்து உறுதி செய்த பிறகுதான் நாம் குனிந்து பார்க்க வேண்டும். நாம் செய்வது பார்ப்பது, எழுதிக்கொள்வது, அவ்வளவே. அப்புறம் இன்னொன்று: தயவு செய்து பிராஸோ போட்டுத் தேய்க்காதீர்கள். உப்புத்தாளை எடுத்தால் உங்களோடு நான் பேச மாட்டேன் :-) துருவுக்கு அடியில் இருக்கும் மெல்லிய முத்திரைகள்தான் நமக்குக் கிடைக்கும் ஒரே ஆவணம். தேய்த்தால் பளபளப்பு வரும், வரலாறு போய்விடும்.

ரிவால்வருக்கும் பிஸ்டலுக்கும் உள்ள வித்தியாசத்தையும் சொல்லிவிடுகிறேன், தமிழில் இரண்டையும் கைத்துப்பாக்கி என்றே சொல்லிக் குழப்பிவிடுகிறோம். தோட்டாக்கள் ஒரு உருளையில் உட்கார்ந்து, ஒவ்வொரு முறையும் அந்த உருளை சுழன்றால் அது ரிவால்வர். கைப்பிடிக்குள் சட்டமாகச் செருகும் தோட்டாப் பெட்டியும் மேலே பின்னுக்குப் போய் வரும் பகுதியும் இருந்தால் அது தானியங்கி பிஸ்டல். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் தானியங்கி பிஸ்டலால். அதை ரிவால்வர் என்று எழுதும் புத்தகங்கள் இன்னும் இருக்கின்றன.

சரி, வெப்லிக்கு வருவோம்.

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்தில் துப்பாக்கி செய்துகொண்டிருந்த குடும்பம் வெப்லி. ஸ்காட் அப்போது அவர்களோடு இல்லை. 'பி. வெப்லி அண்ட் சன்' என்பதுதான் கம்பெனியின் பெயர். 1897இல்தான் ஸ்காட், எல்லிஸ் என்ற வேறு இரண்டு துப்பாக்கிக் கம்பெனிகளோடு சேர்ந்து 'வெப்லி அண்ட் ஸ்காட்' ஆனது. 1906இல் அந்த நீளமான பெயரும் சுருங்கி 'வெப்லி அண்ட் ஸ்காட் லிமிடெட்' என்றானது. இதை மட்டும் நினைவில் வைத்தாலே பாதி வேலை முடிந்தது. துப்பாக்கியில் ஸ்காட் பெயர் இருந்தால் அது 1897க்கு முன்னால் செய்தது கிடையாது. ஆகவே 1857 சிப்பாய்க் கலகத்து 'வெப்லி ஸ்காட்' என்ற ஒன்று உலகத்திலேயே இல்லை. அந்தக் காலத்து ஆங்கிலேய அதிகாரி வைத்திருந்தது ஆடம்ஸ் அல்லது கோல்ட் போன்ற, வெடிமருந்தையும் குண்டையும் உருளைக்குள் தனித்தனியாகப் போட்டுக் கெட்டிக்கும் ரகம். அதற்குத் தோட்டாவே தேவையில்லை.

வெப்லியின் முதல் பெரிய வெற்றி 1868இல் அயர்லாந்துப் போலீசான ராயல் ஐரிஷ் கான்ஸ்டாபுலரி எடுத்துக்கொண்ட ரிவால்வர். அதை 'ஆர்.ஐ.சி.' என்றே சொல்வார்கள். அடுத்து 1872இல் வந்தது 'பிரிட்டிஷ் புல்டாக்'. குட்டைக் குழல், பெரிய துளை, கோட் பாக்கெட்டில் அடங்கும் உருவம். இந்த இரண்டும் மடங்காத முழு உடம்பு கொண்டவை. பக்கவாட்டில் இருக்கும் ஒரு சிறு கதவைத் திறந்து, ஒவ்வொரு தோட்டாவாகப் போட வேண்டும், ஒவ்வொன்றாகத் தள்ளி எடுக்க வேண்டும். 1881இல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டைச் சுட்டது புல்டாக் வகை ரிவால்வர்தான். (அந்தத் துப்பாக்கி பிற்பாடு காணாமலே போய்விட்டது. அமெரிக்காவுக்கே இந்த நிலைமை என்றால் நம் வீட்டு லைசென்ஸ் புத்தகம் காணாமல் போனதில் ஆச்சரியம் என்ன!)

புல்டாக் நன்றாக விற்றதும் பெல்ஜியமும் அமெரிக்காவும் நகல் செய்து தள்ளின. ஆகவே வீட்டில் இருப்பது குட்டையான, மடங்காத ரிவால்வர் என்றால் முதலில் உருளையைப் பாருங்கள். நீள்வட்டத்துக்குள் ஈ, எல், ஜி என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் இருந்தால் அது பெல்ஜியத்தின் லியேஜ் நகரச் சோதனை முத்திரை. அந்த நீள்வட்டத்தின் தலையில் கிரீடம் இருந்தால் 1893க்குப் பிறகு சோதித்தது. கிரீடம் இல்லாவிட்டால் அதற்கு முந்தியது. இவ்வளவு சின்ன முத்திரைக்குள் இவ்வளவு தகவல்.

நம் ஊரில் எல்லோர் மனதிலும் இருக்கும் 'வெப்லி' உருவம் இதுவல்ல. அது நடுவில் ஒடித்துத் திறப்பது. இடது பக்கம், சுத்தியலுக்குப் பக்கத்தில், கட்டை விரலால் அழுத்தும் நெம்பி ஒன்று இருக்கும். அதை அழுத்தினால் குழலும் உருளையும் முன்பக்கம் மடங்கும். மடங்கும்போதே உருளையின் நடுவிலிருந்து நட்சத்திர வடிவத் தகடு எழும்பி ஆறு காலித் தோட்டாக்களையும் ஒரே தடவையில் வெளியே தள்ளும். அந்தக் காலத்துக்கு இது பெரிய விஷயம். இதற்கு முன்னால் பிரிட்டிஷ் ராணுவம் வைத்திருந்த 1880ஆம் வருட என்ஃபீல்டும் மடங்கும் ரகம்தான், ஆனால் காலித் தோட்டாக்களை ஒழுங்காக உதறாது, யாருக்கும் பிடிக்கவில்லை. 1887இல் வெப்லிக்கு ஆர்டர் போனது, முதல் தவணையிலேயே 10,000 துப்பாக்கி. அங்கிருந்து தொடங்குகிறது மார்க் 1 முதல் மார்க் 6 வரையிலான பரம்பரை. எல்லாமே .455 அங்குலத் தோட்டா வரிசை.

ஆறு மார்க்கையும் பார்த்தவுடன் பிரிக்க முடியுமா? முதல் கேள்வி கைப்பிடி. மார்க் 1 முதல் மார்க் 5 வரை கைப்பிடி கீழே போகப் போகக் கிளி மூக்கு மாதிரி வளைந்து முடியும். மார்க் 6க்கு மட்டும் கைப்பிடியின் அடி சதுரமாக வெட்டியது போல இருக்கும். அரை இருட்டில், ஆறடி தள்ளி நின்று பார்த்தாலே தெரியும். சதுரக் கைப்பிடி, 6 அங்குலக் குழல், கையில் எடுத்தால் ஒரு கிலோவுக்கு மேல் கனம் என்றால் அது மார்க் 6. 1915 மே மாதம் ராணுவம் ஏற்றுக்கொண்டது. முதல் உலகப் போரின் அகழிகளில் இருந்தது இதுதான், ஏறத்தாழ 3 லட்சம் செய்தார்கள். துப்பாக்கியின் இடது பக்கத்திலேயே வெப்லி, மார்க், ஆண்டு மூன்றும் பொறித்திருக்கும். 1917 என்று இருந்தால் 1917தான், இதில் ஆராய்ச்சிக்கு ஒன்றும் இல்லை. 1921 முதல் 1926 வரை இதையே என்ஃபீல்டு அரசுத் தொழிற்சாலையிலும் செய்தார்கள். அவற்றில் வெப்லி பெயர் இருக்காது, என்ஃபீல்டு பெயரும் கிரீடமும் இருக்கும். "வெப்லின்னு எழுதலையே, அப்போ டூப்ளிகேட்டா?" என்று யாரும் பதற வேண்டாம்.

அகழிச் சண்டைக்காக இந்த மார்க் 6க்கு முன்னால் மாட்டும் கத்தி ஒன்றுகூட வந்தது. பிரிட்சர்டு என்ற அதிகாரியின் யோசனை. பிரெஞ்சு கிராஸ் ரைபிளின் பழைய பயனெட்டை வெட்டிச் செய்தது. ரிவால்வர் முனையில் பயனெட்! ராணுவம் அதிகாரபூர்வமாக எடுத்துக்கொள்ளவில்லை, அதிகாரிகள் சொந்தக் காசில் வாங்கினார்கள். இன்று ரிவால்வரைவிட அந்தக் கத்திதான் அரிது.

கிளி மூக்குக் கைப்பிடி என்றால் வேலை கொஞ்சம் கூடும். மார்க் 1இல் கைப்பிடியின் மேல் பகுதியில், கட்டை விரலுக்கும் சுட்டு விரலுக்கும் நடுவில் உட்காரும் இடத்தில், ஒரு திமில் இருக்கும். மார்க் 2இல் அந்தத் திமிலை எடுத்துவிட்டார்கள், சுத்தியலின் வாலையும் மாற்றினார்கள். மார்க் 3 உருளையைப் பொருத்தும் முறையில் மட்டும் வேறு, 1897இல் ஏற்றார்கள். மார்க் 4 எஃகின் தரத்தில் மேலானது, 1899இல் வந்தது, தென்னாப்பிரிக்கப் போயர் போர்ச் சமயம் என்பதால் சேகரிப்பவர்கள் 'போயர் வார் மாடல்' என்பார்கள். மார்க் 5 புகையில்லா வெடிமருந்துக்காக உருளையைச் சற்றுப் பெருக்கியது. 1913 டிசம்பரில் ஏற்று, 1915இல் மார்க் 6 வந்ததும் நின்றுவிட்டது, அதனால் அரிது.

ஒரு சிக்கல் உண்டு. ராணுவத்துக்காரன் எதையும் தூக்கி எறிய மாட்டான். பழைய மார்க் பழுதுக்கு வந்தால் புது மார்க்கின் பாகத்தை மாட்டி, பொறித்த எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் அடித்து அனுப்பிவிடுவான். 'மார்க் 1 நட்சத்திரம்' என்று ஒரு துப்பாக்கி கிடைத்தால், மார்க் 1 உடம்பில் பிற்காலத்துப் பாகம் ஏறியிருக்கிறது என்று பொருள். 6 அங்குலக் குழல் மாட்டிய மார்க் 4, மார்க் 5 துப்பாக்கிகளும் இப்படி உண்டு. ஆகவே குழலின் நீளத்தை மட்டும் அளந்துவிட்டு மார்க் 6 என்று தீர்ப்பு எழுதக்கூடாது. கைப்பிடி, பொறிப்பு, நட்சத்திரம் மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இதில் சேராத ஒரு விசித்திரப் பிறவி வெப்லி-ஃபாஸ்பெரி. ரிவால்வர்தான், ஆனால் சுட்ட அதிர்விலேயே மேல் பாதி பின்னால் நகர்ந்து உருளை தானாகச் சுழலும். உருளையின் மேல் வளைந்து வளைந்து போகும் பள்ளம் இருந்தால் அதுதான், வேறு எதையும் பார்க்க வேண்டாம். கண்டுபிடித்த கர்னல் ஃபாஸ்பெரி 1863இல் நம் வடமேற்கு எல்லைப்புறச் சண்டையில் விக்டோரியா கிராஸ் வாங்கியவர். சேறு பட்டால் சிக்கிக்கொள்ளும் என்பதால் ராணுவம் எடுக்கவில்லை. இது வீட்டில் கிடைத்தால் ஏலக் கம்பெனிகள் வாசலில் நிற்கும்.

இனிமேல்தான் பெரும்பாலான வீடுகள் வழுக்கி விழும் இடம். துப்பாக்கியில் 'மார்க் 4' என்று தெளிவாகப் பொறித்திருக்கும். புத்தகத்தைப் புரட்டினால் 'மார்க் 4, 1899, போயர் போர்' என்று இருக்கும். "ஆகா, நூற்றி இருபது வருஷப் பழசு!" என்று வீடே கொண்டாடும். பக்கத்திலேயே '.38' என்று பொறித்திருப்பதை யாரும் பார்ப்பதில்லை.

வெப்லியில் இரண்டு மார்க் 4 உண்டு. ஒன்று 1899இன் .455. இன்னொன்று .38. முதல் உலகப் போர் முடிந்ததும் பிரிட்டிஷ் ராணுவம் யோசித்தது: .455 கனம், அவசரத்தில் சேர்த்த ஆட்களுக்கு அதைப் பிடித்துச் சுடக் கற்றுத்தருவது கஷ்டம். சின்னத் துளையில், ஆனால் 200 கிரெய்ன் (ஏறத்தாழ 13 கிராம்) எடையுள்ள கனமான குண்டோடு ஒரு துப்பாக்கி போதும் என்று முடிவு செய்தார்கள். வெப்லி கம்பெனி உழைத்து ஒரு .38 மாடலை வடிவமைத்துக் கொடுத்தது. அரசு அதை வாங்கிப் பார்த்தது, சில மாற்றங்கள் செய்தது, என்ஃபீல்டு அரசுத் தொழிற்சாலையில் தானே செய்யத் தொடங்கிவிட்டது. அதுதான் 1932இல் வந்த 'என்ஃபீல்டு நம்பர் 2'. வெப்லிக்குக் கோபம் வராதா? 2,250 பவுன் கேட்டு வழக்குக்குப் போனார்கள். கண்டுபிடிப்பாளர்களுக்குப் பரிசு வழங்கும் அரச கமிஷன் கடைசியில் 1,250 பவுன் கொடுத்தது. என் கணக்கில் அது அநியாயம்தான். இரண்டு துப்பாக்கியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி என்று குழந்தைகூடச் சொல்லும். ஆனால் உள்பாகங்கள் ஒன்றுக்கு ஒன்று பொருந்தாது, கழற்றும் பக்கத்தகடு இருப்பது என்ஃபீல்டு.

வேடிக்கை என்னவென்றால், இரண்டாம் உலகப் போர் வந்ததும் என்ஃபீல்டால் போதுமான அளவு செய்ய முடியவில்லை. அதே அரசு அதே வெப்லியிடம் வந்து .38 மார்க் 4ஐ லட்சக்கணக்கில் வாங்கியது. அவசரத்தில் மெருகு போடவில்லை, பரபரவென்று கருப்பாக இருக்கும். பார்ப்பவர்கள் குறை சொல்லக்கூடாது என்று கம்பெனியே 'வார் ஃபினிஷ்' என்று பக்கத்தில் பொறித்து அனுப்பியது! அந்த இரண்டு சொல் இருந்தால் அது 1940களின் பொருள், மேலே பேச்சே வேண்டாம். என்ஃபீல்டு நம்பர் 2ஐ கிளாஸ்கோவில் லாரி செய்த ஆல்பியன் கம்பெனியும், ஆஸ்திரேலியாவில் உழவு எந்திரம் செய்த ஹோவர்டு கம்பெனியும்கூடச் செய்தன. சுத்தியலில் வால் இல்லாமல் மொட்டையாக இருந்தால் அது டாங்கிப் படைக்காக 1938 முதல் செய்த வகை. டாங்கிக்குள் ஏறி இறங்கும்போது எதிலும் மாட்டக்கூடாது என்பதற்காக அப்படி. "எங்க தாத்தா கீழே போட்டு உடைச்சிட்டார்" என்று அதற்கும் ஒரு கதை இருக்கக்கூடும்.

கனத்தை வைத்தே இந்தக் குழப்பத்தைத் தீர்க்கலாம். .38 வகைகள் முக்கால் கிலோ சுமார். உருளைத் துளைகளும் கண்ணுக்கே சிறியதாகத் தெரியும்.

பெயரும் மார்க்கும் தெரிந்த பிறகு அடுத்தது முத்திரைகள். மேல்நோக்கிய அகன்ற அம்புக்குறி இருந்தால் அது பிரிட்டிஷ் ராணுவச் சொத்தாக இருந்தது. இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டிக்கொண்டு நின்றால், ராணுவம் அதை வெளியில் விற்றுவிட்டது என்று பொருள். (அம்பு அம்போடு மோதினால் விவாகரத்து என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.) பர்மிங்காம் சோதனைச் சாலையின் கிரீட முத்திரைக்குக் கீழே பி, பி சேர்ந்தோ, பி, வி சேர்ந்தோ, என், பி சேர்ந்தோ இருந்தால் 1904க்குப் பிறகு சோதித்தது. அம்பே இல்லாமல் இந்தச் சோதனை முத்திரை மட்டும் இருந்தால் அது ராணுவம் கொடுத்த துப்பாக்கி அல்ல, கடையில் வாங்கியது.

கடையில் வாங்கியது என்றால் மதிப்புக் குறைவு என்று நினைக்க வேண்டாம். அந்தக் கால பிரிட்டிஷ் அதிகாரி தன் ரிவால்வரைத் தன் காசில்தான் வாங்க வேண்டும், ராணுவத் தோட்டா அதில் போக வேண்டும் என்பதே நிபந்தனை. அவர்களுக்காகச் செய்த 'டபிள்யூ.ஜி.' மாடல்கள் ராணுவ மார்க்குகளைவிட அழகானவை. உருளைக்கு மேலே போகும் பட்டையில் விற்ற கடையின் பெயர் இருக்கும். அதிகம் காண்பது 'ஆர்மி அண்ட் நேவி' கூட்டுறவுக் கடை, அதற்கு பம்பாயிலும் கல்கத்தாவிலும் கிளை இருந்தது.

எழுத்துகள் கோணலாக, சில ஆங்கில எழுத்துகள் கண்ணாடியில் பார்த்தது போலத் திரும்பி இருந்தால்? வாழ்த்துகள், உங்களிடம் இருப்பது எல்லைப்புறத்து நகல். பெஷாவர் பக்கம் டாரா ஆதம் கேல் போன்ற இடங்களில் ஆங்கிலம் படிக்கத் தெரியாத கொல்லர்கள் அரமும் சுத்தியும் வைத்தே எந்தத் துப்பாக்கியையும் நகல் எடுப்பார்கள், முத்திரை உட்பட. அவர்கள் கைவேலைக்கு நான் ரசிகன். ஆனால் அதில் தோட்டா போட்டுச் சுடும் அளவுக்கு ரசிகன் இல்லை.

எல்லாவற்றையும்விட முக்கியம் வரிசை எண். இது வெறும் எண்தானே என்று தோன்றும். 1914 ஆகஸ்டில் கல்கத்தாவில் ரோடா கம்பெனிக்கு வந்த சரக்கிலிருந்து 50 மவுசர் பிஸ்டல்களையும் 46,000 தோட்டாக்களையும் வங்கப் புரட்சிக்காரர்கள் கடத்தினார்கள். ஒவ்வொரு பிஸ்டலின் எண்ணும் ரோடா புத்தகத்தில் இருந்தது. அடுத்த வருடங்களில் எங்கே ஒரு மவுசர் பிடிபட்டாலும் போலீஸ் அந்தப் பட்டியலோடு ஒத்துப் பார்த்தது. 1918இன் ரவுலட் அறிக்கை, இந்தப் பிஸ்டல்கள் 54 சம்பவங்களில் பயன்பட்டன என்று கணக்கே கொடுத்தது. பிரிட்டிஷ்காரனுக்கு உதவிய அதே எண் நமக்கும் உதவியிருக்கிறது. 1928 டிசம்பர் 17 அன்று லாகூரில் சாண்டர்ஸைச் சுட்ட பகத் சிங்கின் .32 கோல்ட் பிஸ்டல் எங்கே போனது என்றே பல காலம் தெரியவில்லை. அது இந்தூரில் எல்லைப் பாதுகாப்புப் படையின் ஆயுதப் பள்ளி அருங்காட்சியகத்தில், உடம்பெல்லாம் கருப்புப் பெயின்ட் பூசி, மற்ற துப்பாக்கிகளோடு ஒன்றாக இருந்தது. பெயின்ட்டைச் சுரண்டினார்கள், 168896 என்ற எண் தெரிந்தது. வழக்கு ஆவணத்தில் இருந்த எண்ணும் அதே. 2016-17இல் நடந்தது இது. எண்ணை ஒருவர் எழுதி வைத்திராவிட்டால் அது வெறும் இரும்பு.

மாடல் தெரிவது வரலாற்று ஆசைக்கு மட்டும் அல்ல. நம் நாட்டுச் சட்டத்தில் .38, .455 ரிவால்வர்கள் 'தடை செய்யப்பட்ட துளை' வகை. .32 அதில் சேராது. ஒரே உருவத்தில் இருக்கும் இரண்டு துப்பாக்கிகளுக்கு இரண்டு விதமான லைசென்ஸ். அதனால்தான் கான்பூர் அரசுத் தொழிற்சாலை பொதுமக்களுக்காகச் செய்த ரிவால்வர், வெப்லியின் .38 மார்க் 4 வடிவத்தையே எடுத்துக்கொண்டு துளையை மட்டும் .32 ஆக்கியது. 2014இல் பெண்களுக்கென்று செய்தித்தாளெல்லாம் பேசிய 'நிர்பீக்' ரிவால்வரும் .32தான். வெப்லியும் தானே .32 மார்க் 4 விற்றிருக்கிறது, ஆகவே பழைய .32 ஒன்று இருந்தால் பர்மிங்காமா கான்பூரா என்று பொறிப்பைப் படித்துத்தான் சொல்ல முடியும்.

போடிப் பக்கம் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் என் வகுப்புத் தோழன் வீட்டில் ஒரு ரிவால்வர் உண்டு. அவன் பூட்டனார் முதல் உலகப் போரில் மதராஸ் சாப்பர்ஸ் படையில் மெசபடோமியா போனவர். அது உண்மை, மெடல் இருக்கிறது. அந்த ரிவால்வர் அவர் அங்கிருந்து கொண்டு வந்தது என்பது வீட்டுக் கதை. அவன் அப்பா அதை மேசை மேல் வைத்து, நான் கேட்ட பக்கமெல்லாம் திருப்பிக் காட்டினார். சதுர அடிக் கைப்பிடி. '.38'. 'மார்க் 4'. 'வார் ஃபினிஷ்'. முனையோடு முனை முட்டும் அம்புகள். மெசபடோமியாவில் பூட்டனார் இருந்தபோது இந்தத் துப்பாக்கி வரைபடமாகக்கூட இல்லை.

சொல்லத் தயக்கமாக இருந்தது. சொன்னதும் அவன் அப்பா நம்பவில்லை, உள்ளே போய் பழைய லைசென்ஸ் புத்தகத்தைக் கொண்டு வந்தார். முதல் பக்கத்தில் வருடம் 1951. பெயர் பூட்டனாருடையது அல்ல, அவர் மகனுடையது, அதாவது என் தோழனின் ஐயா. காரணம்: தோட்டப் பாதுகாப்பு. யானை, பன்றி, அப்புறம் சம்பளப் பணத்தோடு மலையேறுவது.

திண்ணையில் இருந்த அப்பத்தாவுக்கு விஷயம் போனது. "அப்போ அது மாமாவோடது இல்லையா, உங்க ஐயாவோடதா?" என்று இரண்டு முறை கேட்டார். பிறகு அவராகவே சொன்னார்: கல்யாணமான புதிதில் ஐயா மாதம் ஒரு நாள் பணப்பெட்டியோடு மேலே போவார், இடுப்பில் இது இருக்கும், திரும்பி வரும் வரைக்கும் இவர் சாப்பிட மாட்டார். எழுபது வருடத்துக்குப் பக்கமாக அந்த வீட்டில் யாருமே கேட்டிராத கதை அது. எல்லோரும் மாமனாரின் போரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததில் இதைச் சொல்ல வாய்ப்பே வரவில்லை போலும்.

கைப்பிடியின் முதுகுப் பட்டையில் இன்னும் ஏதோ எழுத்து இருந்திருக்கிறது. படைப் பிரிவின் பெயராக இருக்கலாம், ஆனால் யாரோ நன்றாகத் தேய்த்திருக்கிறார்கள். 1940களில் அது யார் கையில் இருந்தது என்பது அந்த இடத்தில்தான் இருந்தது.

2019 டிசம்பரில் திருத்திய ஆயுதச் சட்டப்படி ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது, முன்பு மூன்று. வாரிசாக வந்தவையும் இந்தக் கணக்கில் சேரும். கூடுதலாக இருந்தால் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற டீலரிடமோ ஒப்படைக்க வேண்டும். வைத்துப் பராமரிக்க விருப்பம் இல்லாத பிள்ளைகளும் ஒப்படைத்துவிடுகிறார்கள், நியாயம்தான். உங்கள் வீட்டிலோ உறவிலோ அப்படி ஒன்று போகப் போகிறது என்றால், போவதற்கு முன்னால் லைசென்ஸ்தாரரை உட்கார வைத்து ஒரு மணி நேரம் செலவு செய்யுங்கள். இரண்டு பக்கமும் போட்டோ, மேல் பட்டை, முதுகுப் பட்டை, உருளையின் பின்பக்கம், எல்லா எண்களும், லைசென்ஸ் புத்தகத்தின் முதல் பக்கமும். அந்த எண்ணை மட்டும் இணையத்தில் போடாதீர்கள், வீட்டு நோட்டில் எழுதுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.